கல்வியில் தொடங்கும் வீதி

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மருத்துவர் பேச வந்தால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் முதலில் ஒரு சைக்கிள் பயணத்தைச் சொல்கிறேன். நீரிழிவுக்குப் பிறகு வருவேன்.

மத்தியதரைக் கடலில் பிரான்சுக்குரிய கோர்சிகாத் தீவு, 1769இல் நெப்போலியன் பிறந்த மண். அதன் வடமேற்கே ஒரு துறைமுக நகரம். பெயர் என்ன தெரியுமா? கல்வி! அங்கிருந்து கடலோரமாகத் தெற்கே போர்த்தோ வரை ஏறத்தாழ 75 கிலோமீற்றர். 2013இல் நூறாவது டூர் டி பிரான்ஸ் போட்டி இத்தீவில்தான் ஆரம்பமானது. மூன்றாம் நாள் வீரர்கள் போர்த்தோ வழியாக வந்து கல்வியில் முடித்தார்கள்.

ஒரே வகுப்பில் படித்த நாங்கள் மூவர், எதிர்த்திசையில் புறப்பட்டோம். அங்கே வாகனங்கள் வலப்பக்கமாக ஓடும். ஆகவே தெற்கு நோக்கிப் போகிறவருக்கே கடல் பக்கம் கிடைக்கும்.

பாங்கோ ஆற்றைக் கடந்ததும் ஏற்றம். 400 மீற்றர் உயரத்திலுள்ள பல்மரெல்லாக் கணவாய் வரை உழக்க வேண்டும். இருபுறமும் மாக்கி எனப்படும் பற்றைக்காடு. வெயில் ஏற ஏற மூலிகை வாசம் வீசும். கணவாயில் நின்றால், கீழே நீலக் கடலும் ஸ்கந்தோலாவின் செந்நிறப் பாறைகளும் தெரியும். 1983இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்ற கரை அது. அருகே ஜிரோலாத்தா என்ற குக்கிராமம். அதற்கு வாகன வீதியே இல்லை. நடந்து போகலாம், அல்லது படகில் போகலாம்.

அங்கே தண்ணீர் குடித்தபடி தோழி ஒருத்தி சொன்னாள்: "எங்கட காலத்தில ஒவ்வொரு சென்றியிலயும் இறங்கி உருட்டினனாங்கள். இண்டைக்கு முழுக்க ஒருத்தரும் இறங்கச் சொல்லேல்லை."

மூவரும் சிறிது நேரம் பேசவில்லை. எரிபொருள் இல்லாத தொண்ணூறுகளில் எங்களைப் பள்ளிக்கும் ரியூசனுக்கும் கொண்டுபோனது சைக்கிள்தான். அத்தனை சென்றிகளையும் தாண்டிய பெண்கள், திருமணத்தின் பின் "இந்த வயதில் சைக்கிளா?" என்ற ஒரு கேள்விக்கு இறங்கிவிட்டோம்.

இனி நீரிழிவு. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் சைக்கிள் ஓடினாலே போதும். உடல் எடையை இருக்கை தாங்குவதால் முழங்காலுக்கும் சுமை குறைவு. இருதய நோயோ நெஞ்சு வலியோ உள்ளவர்கள் மட்டும் முதலில் மருத்துவரைக் காணுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நடைபவனியோடு ஒரு சைக்கிள் பவனியையும் வையுங்கள். மாணவிகள் பின்னால் வரட்டும். முன்வரிசையில் ஐம்பது வயது தாண்டிய அக்காமார் ஓடட்டும்.