ஹேமாங்க பிஸ்வாஸ்: மண்ணின் மெட்டும் மக்கள் அரசியலும்



அன்றைய சில்ஹெட் மாவட்டத்தின் ஹபிகஞ்ச் பகுதியில் மிராசி என்றொரு கிராமம் இருந்தது. இன்று அது வங்கதேசத்தில் இருக்கிறது. 1912 டிசம்பர் 14 அன்று அங்கே ஒரு ஜமீன்தார் குடும்பத்தில் ஹேமாங்க பிஸ்வாஸ் பிறந்தார். மழைக்காலத்தில் வயல்வெளிகள் நீருக்குள் மூழ்கிவிடும் தாழ்நிலம் அது. படகோட்டிகளின் பாட்டும் குடியானவர்களின் பாட்டும் அவர் காதில் முதலில் விழுந்த இசை. அப்பாட்டைப் பாடியவர்களின் உழைப்பே தம் வீட்டுக் களஞ்சியத்தை நிறைத்தது என்ற உண்மை அவரைக் கம்யூனிஸ்ட் இயக்கத்திற்கு இட்டுச் சென்றது.

விடுதலைப் போராட்டத்தில் அவர் சிறை புகுந்தார். சிறை அவருக்குக் காசநோயைத் தந்தது. பாடகனுக்கு நுரையீரலே முதற்கருவி. அக்கருவி பழுதுபட்ட பின்னரே அவருடைய பெரும் பாடல்கள் பிறந்தன என்பதை மறந்துவிடலாகாது.

1943இல் இந்திய மக்கள் நாடக மன்றம், அதாவது இப்டா, உருவாயிற்று. சுர்மா பள்ளத்தாக்கில் ஹேமாங்கர் ஒரு கலைக்குழுவைக் கட்டினார். அரிவாளைக் கூர்தீட்டுமாறு உழவனை அழைக்கும் அவருடைய பாடல் ஊர் ஊராகப் பரவியது. அதிகார மாற்றத்தை எள்ளி நகையாட, கிராம தெய்வங்களைப் போற்றும் பழைய வங்காள இலக்கிய வகையான மங்கள காவியத்தை எடுத்துக்கொண்டு, ‘மவுண்ட்பேட்டன் மங்கள காவியம்’ படைத்தார். தெய்வத்தின் இடத்தில் வைஸ்ராயை அமர்த்தியதே போதுமானதாக இருந்தது. கேட்டவர்கள் சிரித்தார்கள், புரிந்துகொண்டார்கள்.

ஆனால் நாட்டார் மெட்டில் அரசியல் சொற்களை இட்டு நிரப்பினால் மக்கள் பாடல் பிறந்துவிடும் என்று அவர் ஒருபோதும் நம்பவில்லை. இங்குதான் அவருடைய தனிச்சிறப்பு இருக்கிறது. செவ்வியல் இசையில் ‘கரானா’ என்பார்கள். வீடு என்னும் பொருள்படும் ‘கர்’ என்ற சொல்லடியாகப் பிறந்தது அது. குருவின் இல்லமே அதன் முகவரி. நாட்டார் இசைக்கு அத்தகைய வீடு இல்லை. அதற்கு இருப்பது வெளி, அதாவது ஆறு, வயல், வண்டித்தடம். ஆகவே அதற்கு ‘பாஹிரானா’ என்று அவர் பெயரிட்டார். சொல்லின் விளையாட்டைத் தமிழில் ஒரே சொல்லில் தருவது அரிது, கருத்தோ தெளிவானது. ஓட்டத்தோடு படகு தானே செல்ல, தனித்திருக்கும் படகோட்டி நீட்டி முழக்குவது பாட்டியாலி. பலர் ஒருங்கே துடுப்பு வலிக்கையில் தாளம் பிறக்கும், அது சாரி. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பாட முடியாது, ஏனெனில் உழைப்பு வேறு. நிலத்தையும் உழைப்பையும் விட்டுப் பிரித்து நகர மேடைக்காக மெருகேற்றிய பாட்டை அவர் ஐயத்தோடே நோக்கினார்.

இதுபற்றிச் சலில் சௌத்ரியோடு அவருக்கு நீண்ட விவாதம் நிகழ்ந்தது. சலில் மேற்கத்தியக் கூட்டிசையின் வலிமையை இயக்கப் பாடலுக்குள் கொண்டுவந்தவர்; அப்பாடல்களும் மக்களிடம் சென்று சேர்ந்தன. எனவே எவர் வென்றார் என்று தீர்ப்பெழுதுவது வீண். ஹேமாங்கரும் வேலியிட்டுக்கொண்டவர் அல்லர். அமெரிக்கக் கறுப்பினத் தொழிலாளி ஜான் ஹென்றியின் கதைப்பாடலை வங்காளத்திற்குக் கொணர்ந்தவர் அவரே. சம்மட்டி பிடித்த கை எந்த நாட்டுக் கையாயினும் அவருக்கு அந்நியம் இல்லை.

மண்ணை இவ்வளவு வற்புறுத்துபவர் மண்ணின் பெயரால் எழும் வெறிக்கு இடங்கொடுத்துவிட மாட்டாரா என்ற கேள்வி எழலாம். அதற்கான சோதனை 1960இல் வந்தது.

1947 வாக்கெடுப்பில் சில்ஹெட்டின் பெரும்பகுதி பாகிஸ்தானுக்குச் சென்றது. பிறந்த ஊர் எல்லைக்கு அப்பால் போயிற்று. ஜோதிபிரசாத் அகர்வாலா, விஷ்ணு ராபா, பூபேன் ஹசாரிகா ஆகியோரோடு அசாமில் இப்டாவை வளர்த்த அவருக்கு அசாமிய மொழியும் சொந்த மொழியாயிற்று. 1957இல் சிகிச்சைக்காகச் சீனா சென்றிருந்தார். 1960இல் ஆட்சிமொழிப் பிரச்சினையை ஒட்டி அசாமில் கலவரம் மூண்டது. வங்காளிகளின் வீடுகள் எரிந்தன; உயிர்கள் பலியாயின; பல்லாயிரவர் ஊரைவிட்டு ஓடினர். அந்த நாட்களில் வங்காளியான ஹேமாங்கரும் அசாமியரான பூபேன் ஹசாரிகாவும் ஒரே குழுவாகக் கலவரப் பகுதிகளுக்குப் புறப்பட்டார்கள். அவர்கள் பாடியது ‘ஹாராதன் – ரங்மன் கதை’. ஹாராதன் வங்காளி உழவன். ரங்மன் அசாமிய உழவன். ஒருவன் வங்காளத்திலும் மற்றவன் அசாமியத்திலும் பாடுகிறார்கள். மொழிபெயர்ப்பு இல்லை, ஒருவர் மெட்டை மற்றவர் மெட்டில் கரைத்துவிடவும் இல்லை. இரு மண்ணின் இசையும் தத்தம் முகத்தோடு நின்றபடியே உரையாடுகின்றன. பிறர் மண்ணின் இசையைத் தம்முடையது போலவே நுணுகிக் கற்றவருக்கே இது கைவரும்.

1971இல் கல்கத்தாவில் ‘மாஸ் சிங்கர்ஸ்’ என்னும் பாடற்குழுவை அமைத்தார். நோயுடனேயே வாழ்ந்து, பாடி, எழுதி, 1987 நவம்பர் 22 அன்று மறைந்தார். பாட்டியாலி ஆற்றோட்டத்தோடு செல்லும் பாட்டு. அவருடைய நினைவுக் குறிப்புகள் நூலானபோது தாங்கிய பெயரோ ‘உஜான் காங் பாயியா’. ஆற்றில் எதிரோட்டமாகப் படகு செலுத்தி என்பது அதன் பொருள்.