சட்ட மேற்படிப்பும் ஊரின் கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் நமது தெல்லிப்பழை மிஷன் பாடசாலையிலும் வட்டுக்கோட்டைச் செமினரியிலும் கற்றவர். 1857இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். சட்டத்தில் பி. எல். தேறியதோ 1871இல். இடையிற் கழிந்த 14 ஆண்டுகளும் உத்தியோகம் பார்த்து உழைத்தார். பட்டத்துக்குமேற் படிக்க விரும்புபவன் வயிற்றுப்பாட்டையும் பார்க்கவேண்டும் என்பது அன்றைய நிலை.

இன்றைய நிலை என்ன? கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் வந்த இலவசக் கல்வி, பாலர் வகுப்பு முதல் சர்வகலாசாலை வரை நம்மைச் சுமக்கிறது. மகாபொல உதவிப்பணமும் கைகொடுக்கிறது. ஆனால் சட்டமாணிப் பட்டத்தோடு அந்தக் கை நம்மை விட்டுவிடுகிறது. சட்ட முதுமாணி வகுப்புக்குக் கட்டணம் உண்டு. கொழும்பிலே தங்கிப் படிப்பதானால் அறை வாடகையும் சாப்பாடும் அதற்கு மேல். தோட்டத்தை நம்பிய தகப்பனார் வெங்காயம் விற்ற காசில் மகளின் சீதனத்தைப் பார்ப்பாரா, மகனின் கட்டணத்தைப் பார்ப்பாரா? மகளே படிக்க விரும்பினால் அவள் கதி என்ன?

“சட்டம் படித்தவன் நாளை நன்றாக உழைப்பான்; அவனுக்கு ஊர்ப்பணம் எதற்கு?” என்று பெரியோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வழக்குப் பேசுவதற்கு முதுமாணிப் பட்டம் வேண்டியதில்லை. ஆனால் சட்டத்தையே ஆராய்ந்து, குறை கண்டு, திருத்தம் சொல்வதற்கு ஆழ்ந்த படிப்பு வேண்டும். நமது தேசவழமையை 1707இல் எழுத்திலே திரட்டியவர் ஓர் ஒல்லாந்த அதிகாரி. 1911ஆம் ஆண்டுச் சட்டமோ, மணமான பெண் தன் சொந்தக் காணியையும் கணவனின் எழுத்துச் சம்மதமின்றி விற்கமுடியாது என்று விதித்தது. கணவன் காணாமற்போன பெண் அந்தக் கையெழுத்துக்காக நீதிமன்றப் படி ஏறவேண்டும். 1990இல் இடம்பெயர்ந்து, பல்லாண்டு கழித்து ஊர் திரும்பிய வலிகாமம் வடக்கு மக்களுக்கு உறுதி, எல்லை, உரிமை என்று எத்தனை சிக்கல்கள்! இவற்றை ஆராய நம் பிள்ளைகள் முன்வராவிட்டால் வேறு யார் வருவார்?

ஆகவே நாம் தருமம் கேட்கவில்லை, கடன் கேட்கிறோம். இங்கிலாந்தில் முதுமாணி மாணவருக்கு 2016 முதல் அரசாங்கமே கடன் வழங்கிவருகிறது. வருமானம் ஓர் அளவைத் தாண்டிய பின்னரே அதனைத் திருப்பிக் கட்டவேண்டும். நம் அரசாங்கத்திடமும் அதனைக் கேட்போம். அதுவரையில், ஆண்டுக்கு ஒருவருக்காவது கட்டணம் கட்டக்கூடிய வட்டியில்லாக் கடன் நிதியொன்றைச் சங்கம் தொடங்கலாகாதா? கடன் பெற்றவர் உழைக்கத் தொடங்கியதும் முதலைத் திருப்பித் தரட்டும். வட்டிக்குப் பதிலாக, மாதம் ஒருநாள் வாசிகசாலையில் இருந்து ஊரவரின் காணி உறுதிகளைப் படித்து விளக்கட்டும்.

பெரியோர் முதற் பணத்தை இடுங்கள். கணக்கை ஒளிவின்றிக் காட்டுவதும், பெற்றதைத் திருப்பித் தருவதும் வாலிபராகிய நமது பொறுப்பு.