மூன்று, நான்கு, ஐந்து: நம் கவனத்திற்குத் தப்பிய வகுப்புகள்

(ஜமாஅத் கல்விக் குழுவின் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

 

பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் சிறந்த மதிப்பெண் பெற்ற நம் பிள்ளைகளுக்கு இம்மேடையில் பரிசு வழங்கினோம். அல்ஹம்துலில்லாஹ். ஆயினும், இம்மேடைக்கு வர இயலாமற்போன பிள்ளைகளைப் பற்றியே நான் பேச விரும்புகிறேன். அவர்கள் பத்தாம் வகுப்பில் பின்தங்கியவர்கள் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அவர்களுள் பலர் நான்காம் வகுப்பிலேயே பின்தங்கிவிட்டவர்கள். அது நம் கண்ணுக்குத் தெரிய ஆறு ஆண்டுகள் ஆயின, அவ்வளவே.

எட்டு வயது முதல் பத்து வயது வரையிலான காலத்தில் பள்ளியில் என்ன நடக்கிறது? தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் முதலிரண்டு வகுப்புகளில் தமிழ், ஆங்கிலம், கணக்கு இவற்றோடு சூழ்நிலையியல் என்னும் ஒரே பாடம் இருக்கும். மூன்றாம் வகுப்பில் அது அறிவியல், சமூக அறிவியல் என இரண்டாகப் பிரிகிறது. புத்தகங்கள் கூடுகின்றன, பத்திகள் நீள்கின்றன, வீட்டுப் பேச்சில் வராத சொற்கள் வருகின்றன. அதுவரை பிள்ளை வாசிக்கக் கற்றது; இனி வாசித்தே கற்க வேண்டும். அமெரிக்கக் கல்வியறிஞர் ஜீன் சால் 1983இல் வெளியிட்ட நூலில் இந்தத் திருப்பத்தைத் தெளிவாக விளக்கினார். அதுவரை நன்றாகப் படித்துவந்த ஏழைப் பிள்ளைகள் நான்காம் வகுப்பளவில் சறுக்கத் தொடங்குவதையும் அவரும் அவருடைய மாணவர்களும் பின்னர் ஆராய்ந்து எழுதினர்.

இதை நம் மக்தபைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். பிள்ளை முதலில் அலிஃப், பே எழுத்துகளை அறிகிறது. பிறகு எழுத்துக்கூட்டுகிறது. அதன்பின் குர்ஆனைப் பார்த்துத் தடையின்றி ஓதுகிறது. பொருள் விளங்காவிடினும் அந்த ஓதலுக்கு நன்மை உண்டென்பது நம் நம்பிக்கை. ஆனால் பள்ளிப் புத்தகத்திற்கு அவ்வாறு இல்லை. அறிவியல் பாடத்தை நிறுத்தாமல் வாசித்துவிட்டு, அது என்ன சொல்கிறது என்று கேட்டால் விழிக்கும் பிள்ளை எதையும் கற்கவில்லை. தங்குதடையற்ற வாசிப்பைக் கேட்டுப் பெற்றோர் மகிழ்ந்துவிடுகின்றனர். ஆங்கிலவழிப் பள்ளிகளில் இந்த மயக்கம் இன்னும் அதிகம்.

கணக்கிற்கு வருவோம். இவ்வகுப்புகளில் பெருக்கல், வகுத்தல் ஆகியவற்றோடு பின்னமும் பதிய வேண்டும். 'நான்கைவிட எட்டு பெரிது; ஆகவே நாலில் ஒன்றைவிட எட்டில் ஒன்று பெரிது' என்று பல பிள்ளைகள் எண்ணுகின்றனர். ஒரு ரொட்டியை நால்வருக்கும் பிறகு எண்மருக்கும் பங்கிட்டுக் காட்டினால் பிழை தீர்ந்துவிடும். காட்டாமல் விட்டால், விகிதம், சதவீதம், இயற்கணிதம் எனப் பின்வரும் யாவும் விளங்காமற் போகும். நமக்கோ பின்னம் மார்க்கத்தோடு பிணைந்த ஒன்று. கணவர் இறந்தால், மக்கள் இல்லையெனில் மனைவிக்கு நாலில் ஒன்று, மக்கள் இருப்பின் எட்டில் ஒன்று என்பது வாரிசுரிமைச் சட்டம். ஜக்காத் நாற்பதில் ஒரு பங்கு. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி தம் இயற்கணித நூலின் பெரும்பகுதியை இத்தகைய பாகப்பிரிவினைக் கணக்குகளுக்கே ஒதுக்கினார். அவர் வழிவந்த சமுதாயத்தின் பிள்ளை பின்னத்தைக் கண்டு அஞ்சலாமா?

அறிவியலும் சமூக அறிவியலும் இவ்வாறே. நிழல் ஏன் நீள்கிறது, பிறை ஏன் வளர்கிறது, திசைகளை அறிவது எப்படி என்பவை இவ்வயதிற்குரிய பாடங்கள். நம் பள்ளிவாசலே இவற்றிற்கு ஓர் ஆய்வுக்கூடம். நடுப்பகல் நிழல் நீங்கலாக, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தளவு ஆகும்போது ஷாஃபி மத்ஹபில் அஸர் நேரம் தொடங்குகிறது; ஹனஃபி மத்ஹபில் இருமடங்கு ஆகும்போது தொடங்குகிறது. முற்றத்தில் ஒரு குச்சியை நட்டால் பிள்ளை தானே அளந்து பார்க்கும். பிறை ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாட்கள். எனவே ரமளான் ஆண்டுதோறும் சுமார் 11 நாட்கள் முன்னதாக வருகிறது. இதில் வானியலும் உண்டு, கழித்தல் கணக்கும் உண்டு. நம் கிப்லா நேர் மேற்கு அன்று. மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது. ஏன் என்று ஒரு பிள்ளை வரைபடத்தை விரித்துப் பார்க்குமானால் புவியியல் அங்கே தொடங்கிவிட்டது. பாடங்கள் பெயரளவில் வேறுவேறு. பிள்ளையின் அறிவில் அவை ஒன்றோடொன்று கோத்து நிற்க வேண்டும்.

பிள்ளை பின்தங்குவது நமக்கு ஏன் தெரிவதில்லை? தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை எவரையும் தேர்ச்சி நிறுத்தம் செய்வதில்லை. அது நல்ல ஏற்பாடே. குழந்தையைத் தோற்றவன் என்று முத்திரை குத்துவதால் யாதொரு பயனும் இல்லை. ஆயினும் 'தேர்ச்சி' என்ற சொல்லைக் கண்டு பெற்றோர் நிம்மதி அடைந்துவிடுகின்றனர். 2024ஆம் ஆண்டின் ஏசர் ஆய்வின்படி, இந்தியக் கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடியோர் பாதிக்கும் சற்றுக் குறைவே. கொரோனாவால் பள்ளிகள் நீண்டகாலம் மூடப்பட்டதன் பாதிப்பை உணர்ந்தே, தமிழக அரசு 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி, 2023இல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிவாக்கியது. அரசு உணர்ந்ததை நாமும் உணர வேண்டாமா?

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, பெற்றோருக்கு. வாரம் ஒருமுறை, பிள்ளை இதுவரை பார்த்திராத ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். பின்னர் புத்தகத்தை மூடிவிட்டு, 'இதில் என்ன சொல்லியிருக்கிறது?' என்று கேளுங்கள். இதற்குத் தாய் பட்டம் பெற்றிருக்க வேண்டியதில்லை, செவிமடுத்தால் போதும். வளைகுடாவில் உழைக்கும் தந்தையர் தொலைபேசியில் 'எத்தனை மார்க்?' என்று கேட்பதற்கு முன், 'இன்று என்ன புதிதாகத் தெரிந்துகொண்டாய்?' என்று கேளுங்கள்.

இரண்டாவது, மக்தபுக்கு. நம் மஹல்லாப் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் பயின்றாலும் ஒன்றுகூடும் ஒரே இடம் மக்தப். தீனிய்யாத் பாடத்தைத் தமிழில் வாசிக்கச் செய்து, அதன் பொருளைப் பிள்ளைகளே தம் சொற்களில் கூறும்படி உஸ்தாதுமார்கள் பழக்கலாம். ஓதும் நேரம் குறையாது, மார்க்கமும் விளங்கும், வாசிப்பும் வளரும்.

மூன்றாவது, நிர்வாகத்திற்கு. கல்வி நிதியிலிருந்து கல்லூரி மாணவர்களுக்கு உதவுவது தொடரட்டும். அதில் ஒரு சிறு பகுதியை இவ்வகுப்புகளுக்கும் ஒதுக்குங்கள். கதைப் புத்தகங்கள், ஒரு நிலப்படம், அளவுகோல், தராசு ஆகியவற்றோடு ஒரு வாசிப்பு அறை போதும். பட்டம் பெற்று வீட்டில் இருக்கும் நம் சகோதரிகள் இருவருக்கு மதிப்பூதியம் அளித்து அப்பொறுப்பை ஒப்படைக்கலாம். கல்லூரிக் கட்டணத்திற்காகப் பிற்காலத்தில் நாம் நீட்டும் கை, பாதி வழியில் நின்றுவிட்ட பிள்ளையை எட்டாது.

பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் ஈட்டுத்தொகை செலுத்த இயலாத, எழுதப் படிக்கத் தெரிந்தோர், மதீனத்துச் சிறார்களுக்கு எழுத்துக் கற்பித்து விடுதலை பெற்றனர் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பொருள் நெருக்கடி மிகுந்த அக்காலத்திலும் பெருமானார் (ஸல்) அவர்கள் சிறுவர்களின் கல்வியைப் பொன்னுக்கு நிகராக மதித்தார்கள். நாம் அவர்களின் உம்மத்தினர்.

அடுத்த ஆண்டு இதே மேடையில், ஐந்தாம் வகுப்பு முடித்த ஒரு பிள்ளை, தான் முன்பு பார்த்திராத ஒரு பக்கத்தை வாசித்து, அதன் பொருளைத் தன் சொந்தச் சொற்களில் நமக்குச் சொல்லட்டும். முதற்பரிசை அந்தப் பிள்ளைக்கு வழங்குவோம், இன்ஷா அல்லாஹ்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.