உயிரணுவின் புளிப்பை அளக்கும் ஒளி

நாம் எந்த மாநிலத்தில் குடியிருந்தாலும் ரொட்டிக் கடை ஒன்று அண்மையில் இருக்கத்தான் செய்யும். ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட், உலர்ந்த சிறு மணிகளாக விற்கப்படுகிறது. பார்வைக்கு அது உயிரற்ற தூள். வெதுவெதுப்பான சர்க்கரை நீரில் இட்டாலோ, சிறிது நேரத்தில் நுரைத்து எழுகிறது. ஈஸ்ட் காளான் இனத்தைச் சேர்ந்த ஓரணு உயிர். உணவு கிடைக்காத காலத்திலும் அது உறங்கிக் கிடந்து உயிர் காத்துக்கொள்ளும். அந்த உறக்கத்தின் மறைபொருளைத் தேடிய அறிஞர்கள், உயிரணுவின் உள்ளே உள்ள புளிப்பை அளக்க வேண்டியவராயினர்.

புளிப்பை நாவினால் அறிகிறோம். அறிவியலோ அதனை எண்ணினால் அறிகிறது. பீர் வடிப்போர் நிறுவிய கோபன்ஹேகன் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில், 1909-ஆம் ஆண்டு சோரன்சன் என்பார் பி.எச். என்னும் அளவையை வகுத்தார். தூய நீரின் பி.எச். 7. அதற்குக் கீழ் அமிலம், மேல் காரம். ஓர் எண் குறைந்தால் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு பத்து மடங்கு மிகும்.

ஒரு குவளை நீரின் பி.எச். காண்பது எளிது. ஈஸ்ட் அணுவின் குறுக்களவோ மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு. அதனுள் தனித்துலவும் ஹைட்ரஜன் அயனிகள் சில ஆயிரங்களே. அளவுகோலை அதற்குள் நுழைத்தல் அரிது. அணுக்களை நசுக்கிச் சாறெடுத்தால், அணுவினுள் தனியே அடைபட்டிருந்த அமிலப் பையும் உடைந்து எல்லாம் ஒன்றாகிவிடும். வீட்டை இடித்துவிட்டு, எந்த அறையில் எது இருந்தது என்று வினவுவது போன்றதே இது.

இதற்குக் கடல் வழி காட்டிற்று. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் கிடைக்கும் ஒளிரும் ஜெல்லி மீனிலிருந்து, ஒஸாமு ஷிமொமுராவும் அவருடைய தோழர்களும் பிரித்தெடுத்த பச்சை ஒளிப் புரதம் பற்றிய செய்தி 1962-இல் வெளியாயிற்று. அதன் மரபணுவை வேறோர் உயிரில் புகுத்தினால் அவ்வுயிரும் ஒளிரும் என்று மார்ட்டின் சால்ஃபி 1994-இல் காட்டினார். இவ்விருவரும் ரோஜர் சியனும் 2008-ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இதற்கிடையே 1998-இல் மீசன்பாக், ராத்மன் முதலியோர் அப்புரதத்தைச் சற்றே மாற்றி, புளிப்பை உணர்வதாக ஆக்கினர்.

மாற்றிய புரதத்தின்மீது 395 நானோமீட்டர் ஊதா ஒளியைப் பாய்ச்சினும், 475 நானோமீட்டர் நீல ஒளியைப் பாய்ச்சினும், அது பச்சையாகவே ஒளிரும். அமிலம் மிகுந்தால் ஊதாவிற்கு அது தரும் மறுமொழி குறையும். நீலத்திற்குத் தரும் மறுமொழி கூடும். இவ்விரண்டின் விகிதமே அளவு. ஓர் அணுவில் புரதம் மிகுதியாகவும் மற்றோர் அணுவில் குறைவாகவும் இருந்தாலும் விகிதம் பிறழாது. பி.எச். முன்பே தெரிந்த நீர்மங்களில் அணுக்களை இட்டு, அவற்றின் மேலுறை அயனிகளுக்கு வழிவிடுமாறு செய்து, எந்த விகிதத்திற்கு எந்த எண் என்று முதலில் அட்டவணை வகுப்பார்கள். அணுவிற்கு இயல்பாகவே உள்ள மங்கிய ஒளியையும் கழித்துவிடுவார்கள்.

ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் இம்முறையால் ஈஸ்ட்டை அளந்தனர். சர்க்கரை உண்டு வளரும் அணுவின் உட்கூழில் பி.எச். ஏறத்தாழ 7, ஆற்றல் விளைவிக்கும் மைட்டோகாண்டிரியாவில் ஏறத்தாழ 7.5. சர்க்கரையை நீக்கினால் உட்கூழின் எண் விரைந்து இறங்குகிறது. ஹைட்ரஜன் அயனிகளை ஓயாது வெளியே இறைக்கும் புரத ஏற்றம் ஒன்று அணுவின் மேலுறையில் உண்டு. ஆற்றல் இன்றேல் அந்த ஏற்றம் தளர்ந்துவிடுகிறது.

இது சாவின் தொடக்கம் அன்று என்பதே வியப்பு. டிரெஸ்டன் நகர ஆய்வாளர் 2016-இல் காட்டியது யாதெனில், புளிப்பு ஏறியதும் நீர்மமாய் இருந்த உட்கூழ் இறுகித் திடப்பொருள் போலாகிறது. அணு உறக்கத்தில் ஆழ்கிறது. இவ்வாறு புளிக்க இயலாத அணுக்களே ஆற்றல் இழந்த காலத்தில் மிகுதியாக மடிந்தன. ஆகவே உட்புளிப்பு வெறும் நலிவு அன்று; உறங்குக என்று அணுவிற்குக் கிடைக்கும் ஆணையும் ஆகும்.

நேயர்களே, இவ்வளவையால் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். பழச்சாற்றுப் புட்டிகளில் சேர்க்கும் பென்சாயிக் அமிலம் பூஞ்சணத்தின் அணுவினுள் புகுந்து, அங்கே ஹைட்ரஜன் அயனியை விடுத்து, அதன் வளர்ச்சியைத் தடுக்கிறது. எவ்வளவு சேர்த்தால் போதும் என்று அறிய அணுவின் உட்புளிப்பை அறிதல் வேண்டும். நோய் தரும் காளான்களோ மருத்துவர்க்குப் பெருந்தொல்லை. அவற்றின் அணு நம் அணுவை ஒத்திருப்பதால், அவற்றைக் கொல்லும் நஞ்சு நம்மையும் தாக்கக்கூடும். மேலே கூறிய புரத ஏற்றத்தின் வகையோ விலங்கணுக்களின் மேலுறையில் இல்லை. அதனை மட்டும் முடக்கும் மருந்தை ஆய்வாளர் தேடுகின்றனர். மருந்து பலித்ததா என்பதை உயிரோடிருக்கும் அணுவே தன் பச்சை ஒளியால் உரைக்கும்.

உயிரைக் குலைத்து அறிந்தவை, உயிர் நீங்கிய பின் எஞ்சியதைப் பற்றிய செய்திகளே. உயிரின் நடையை அறிய வேண்டுமாயின், அதனை வாழவிட்டே அளத்தல் வேண்டும்.