மாப்பிள்ளை புகுந்த வீடு
(மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



"புதுக்குடித்தனம்" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் கேட்டபோது, "தம்பி, நான் குடித்தனம் தொடங்கி ஐம்பது வருடமாகிறதே!" என்றேன். "அதனால்தான் ஐயா உங்களைக் கேட்கிறோம்" என்றார். ஆகவே கண்டதையும் பட்டதையும் சொல்லுகிறேன்.

தமிழ்நாட்டிலே மணமகள் கணவன் வீட்டுக்குப் போகிறாள். அதனைப் "புகுந்த வீடு" என்பர். மாமனார் வீட்டிலே தங்கும் ஆணை "வீட்டோடு மாப்பிள்ளை" என்று ஏளனம் செய்வதும் அங்கே உண்டு. நமது கிழக்கிலங்கை வழமையோ வேறு. இங்கே பெண்ணுக்கு வீட்டைக் கொடுக்கிறார்கள். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து புகுகிறான். மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, பெற்றோர் இளைய பிள்ளைகளுடன் அயலிலே வேறு வீடு பார்த்துக்கொள்வதும் உண்டு. தமிழரிடம் மட்டுமன்றி முஸ்லிம்களிடமும் இவ்வழமை இருக்கிறது. அக்கரைப்பற்றிலே பல காலம் ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008 ஆம் ஆண்டு வெளியிட்ட தமது நூலிலே இதனை விரிவாக எழுதியிருக்கிறார்.

நானும் அவ்வாறு புகுந்தவன்தான். மூதூரிலிருந்து லோஞ்சிலே வந்து இறங்கி, துறைமுகத்துக்கு அண்மையிலே ஓர் ஒழுங்கையில் குடிவந்தேன். இரண்டு அறை, ஒரு விறாந்தை, பின்னாலே குசினி. என் சட்டையை எங்கே கொழுவுவது என்றுகூட எனக்குத் தெரியாது. விருந்தாளியைப் போல விறாந்தையிலே குந்தியிருந்தேன்.

இரண்டாம் வாரம் மழை பெய்தது. கூரை ஒழுகிற்று. "இதையும் பார்த்துக் கட்டியிருக்கலாமே" என்று நான் சற்று உரக்கவே சொன்னேன். மனைவியின் மூத்த தமையனார் ஒரு வார்த்தையும் பேசாமல் ஏணியை எடுத்துவந்து கூரைமேல் ஏறினார். அன்றிரவு மனைவி சொன்னாள்: "அண்ணாவுக்கு முப்பத்தேழு வயதாகிறது. இந்த ஓடு போட்டு முடியத்தான் தன்னுடைய கலியாணத்தைப் பற்றி யோசிப்பேன் என்று இருந்தவர்."

எனக்கு உறக்கம் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏணியைப் பிடித்தவர் அவர். கூரைமேல் ஏறியவன் நான். அன்றைக்குத்தான் அது என் வீடும் ஆயிற்று.

அன்பர்களே! கொடுத்த வீடு வேறு, குடித்தனம் வேறு. சிலப்பதிகாரத்திலே மனையறம்படுத்த காதை என்றொரு பகுதி உண்டு. கோவலனையும் கண்ணகியையும் கோவலனின் தாயார் தனிமனையிலே செல்வத்தோடும் பணியாளரோடும் குடியமர்த்துகிறார். ஒன்றும் குறைவில்லை. ஆயினும் அந்த வீடு கோவலனைத் தடுத்து நிறுத்தவில்லை. பின்னர் மதுரையின் புறத்தே, ஆயர் சேரியிலே, மாதரி தந்த சிறு மனையிலே, கண்ணகி தன் கையால் சமைத்து வாழையிலையிலே அவனுக்குச் சோறிடுகிறாள். இருவரும் மனம் ஒன்றி இருந்த வீடு அதுவே என்பேன். பாவம், அங்கே ஒரு வேளைச் சோறுதான் வாய்த்தது!

நிற்க. "சீதன வீடு வேண்டாம், ஒழித்துவிடுவோம்" என்று இளைஞர் சிலர் பேசுகின்றனர். வீட்டை மாப்பிள்ளையின் விலையாகக் கேட்பதைத்தான் ஒழிக்கவேண்டும். தமையன்மாரின் இளமையைக் கரைத்து, "மேல்மாடி உண்டா?" என்று கேட்பது பெரும்பாவம். ஆனால் பெண்ணின் பெயரிலே வீடு இருப்பது குற்றமன்று. அது அவளுக்கு அரண். 1983 முதல் 2009 வரை நடந்த யுத்தத்திலே கணவனை இழந்த எத்தனையோ பெண்கள் இம்மாவட்டத்திலே பிள்ளைகளை வளர்த்தார்கள். "வெளியே போ" என்று யாரும் சொல்லமுடியாத ஒரு கூரை இருந்தவளுக்கு அந்தப் பாரம் சற்றேனும் குறைந்தது.

இந்த அரண் நம்மை அறியாமலே கைநழுவுவதும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கியபின் கிழக்கிலே புதிய வீடுகள் கட்டினார்கள். தாய்வழியாக வந்த வீட்டை இழந்தவள் பெண். புதிய வீடோ பல இடங்களிலே "குடும்பத் தலைவர்" என்று கணவன் பெயரில் பதியப்பட்டது. அரச காணியிலும் இதே கதைதான். கந்தளாய், அல்லை முதலிய குடியேற்றங்களிலே காணி வழங்கியது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படியாகும். உரித்தாளரைப் பெயர் குறியாமல் ஒருவர் இறந்தால், அச்சட்டத்தின் வரிசையிலே மகளுக்கு முன் மகன் நின்றான். 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தினால்தான் அந்த வேற்றுமை நீங்கிற்று. சட்டம் திருந்திவிட்டது, படிவம் நிரப்பும் நமது கை திருந்தவேண்டும்.

ஆகவே மணம் முடிக்கப்போகும் தம்பிமாருக்கு மூன்று சொல்லுவேன். வீடு கேட்டுப் பெண் பார்க்காதீர்கள். பெற்றோர் மனமுவந்து தந்தால், உறுதி அவள் பெயரிலேயே இருக்கட்டும். கடனுக்காக அதை ஈடுவைக்கும்படி அவளை நெருக்காதீர்கள். அந்த வீட்டுக்குள் உங்கள் வியர்வையைக் கொண்டுபோங்கள். வடக்கிலே, ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் தொகுப்பித்த தேசவழமையிலே "தேடியதேட்டம்" என்றொரு சொல் உண்டு. மணவாழ்வுக் காலத்திலே தேடிய பொருளுக்கு அது பெயர். வந்த சீதனத்தைவிட நீங்கள் இருவரும் தேடும் தேட்டமே குடித்தனத்தை நிறுத்தும்.

தங்கைமாருக்கும் ஒரு சொல். வீடு உங்களுடையதுதான். வந்தவனுக்குச் சட்டை கொழுவ ஓர் ஆணியையாவது முதல்நாளே காட்டிவிடுங்கள்.

பெரியோர்களே! குடிபூரலுக்குப் பால் காய்ச்சி முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டுச் சற்றே விலகி நில்லுங்கள். கூப்பிட்டால் மட்டும் ஏணியோடு வாருங்கள்.

அந்தத் தமையனாருக்கு அதன் பின்னரே கலியாணம் நடந்தது. அவருடைய பெட்டியை அவர் புகுந்த வீட்டுக்குத் தூக்கிச் சென்றவன் நான்தான்.