கட்சி வேறு, உறவு வேறு

(பங்கின் பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் கோயிலின் ஐம்பதாம் ஆண்டை மகிழ்ச்சியோடு கொண்டாடுகிறோம். இந்த வேளையில் மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். தேர்தல் வருகிறது, போகிறது. அதில் மூண்ட பகை மட்டும் போவதில்லை. ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கும் அண்ணனும் தம்பியும், கட்சி வேறு என்பதற்காக ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போவதில்லை. இது முறையா?

இராஜாஜியையும் பெரியாரையும் எண்ணிப் பாருங்கள். இருவரும் காங்கிரசில் தோழர்களாக இருந்தவர்கள். 1925-ல் பெரியார் காங்கிரசை விட்டு விலகினார். ஒருவர் இராமாயணத்தைப் பக்தியோடு தமிழில் எழுதியவர். மற்றவர் அதையே கடுமையாகச் சாடியவர். ஆயினும் 1949-ல் தம் திருமணத்தைப் பற்றி முடிவெடுக்குமுன் பெரியார் கலந்து பேசப் போனது இராஜாஜியிடந்தான்.

1953-ல் முதலமைச்சர் இராஜாஜி, தொடக்கப்பள்ளிச் சிறுவர்களுக்குப் பள்ளியில் பாதி நேரம் பாடம், மீதி நேரம் பெற்றோர் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். பெரியார் நட்புக்காகப் பின்வாங்கினாரா? இல்லை. ‘குலக்கல்வி’ என்று கண்டித்துப் போராடினார். மறு ஆண்டே இராஜாஜி பதவி விலகினார். பதவி போயிற்று, நட்பு போகவில்லை.

1972-ல் கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று இராஜாஜி தம் 94-ஆம் வயதில் மறைந்தார். 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் சுடுகாட்டுக்கு வந்து கண்ணீர்விட்டு அழுதார். மறு ஆண்டு டிசம்பர் 24-ல் அவரும் மறைந்தார்.

அன்பர்களே, மரியாதை என்பது கருத்தை விழுங்கிக்கொள்வதன்று. திட்டத்தை எதிர்க்கலாம், மனிதரைத் தள்ளக்கூடாது. அரசியலில் நம்மிலிருந்து மாறுபட்டு எண்ணுவோரையும் மதித்து அன்பு செய்ய வேண்டும் என்று 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் கற்பித்தது. வரி தண்டிய மத்தேயுவையும், தீவிரவாதி எனப் பெயர் பெற்ற சீமோனையும் ஆண்டவர் ஒரே பந்தியில் அமர்த்தவில்லையா?

ஆகவே வாதாடுங்கள், வசை பேசாதீர்கள். வாக்கு கேட்கப் போகாத வீட்டுக்கும் துக்கம் கேட்கப் போங்கள். இன்றைய விழா விருந்திலே, பேச்சை நிறுத்திவிட்ட அந்த உறவினர் பக்கத்தில் போய் உட்காருங்கள். கல்லறையில் நின்று அழுவதைவிட, உயிரோடு இருக்கும்போதே வாசற்படி ஏறுவது மேல்.