நோகாத நோய்



இன்று கல்லீரலைப்பற்றிப் பேச வந்திருக்கிறோம். "இதில் சுயமரியாதை எங்கே வந்தது?" என்று சிலர் கேட்கலாம். கேட்கவேண்டியதுதான். கேட்காமல் எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பதுதானே நம் இயக்கத்தின் முதற்பாடம்!

உடம்பில் வலி இல்லை, காய்ச்சல் இல்லை, வயிற்றுக்குச் சோறு இறங்குகிறது என்றால் வியாதியே இல்லை என்பது நம் ஜனங்களின் நம்பிக்கை. இதுவும் ஒரு மூடநம்பிக்கையே என்கிறோம். 1989-ம் வருஷத்தில் விஞ்ஞானிகள் கண்டறிந்த ஹெபடைடிஸ் சி என்னும் கிருமியே அதற்குச் சாட்சி.

இது பெரும்பாலும் இரத்தத்தின் வழியாகப் புகுந்து கல்லீரலில் தங்குகிறது. புகுந்த காலத்தில் அநேகருக்கு ஒரு அறிகுறியும் தெரிவதில்லை. நூற்றுக்கு சுமார் 30 பேரை ஆறு மாதத்திற்குள் தானாகவே விட்டுவிடுகிறது. மற்ற 70 பேரிடம் நிலைத்துவிடுகிறது. அப்படி நிலைத்தவர்களில் நூற்றுக்கு 15 முதல் 30 பேருக்கு 20 வருஷத்திற்குள் கல்லீரல் சுருங்கிக் கெட்டுவிடுகிறது. சிலருக்குப் புற்றுநோயும் வருகிறது. அதுவரையில் அவர் ஏர் உழுவார், கடை நடத்துவார். கடைசியில் வயிறு வீங்கினால் "தலையெழுத்து" என்று சொல்லிவிடுவார்கள்.

இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்? உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, 2022-ல் உலகத்தில் சுமார் 5 கோடிப் பேர். அவர்களில் தம் நோயைச் சோதனையால் அறிந்தவர்கள் நூற்றுக்கு 36 பேரே. மற்றவர்கள் தெரியாமலேயே சுமக்கிறார்கள்.

எகிப்து தேசத்தைப் பாருங்கள். நைல் நதித் தண்ணீரில் இறங்கி வேலை செய்யும் விவசாயிகளுக்கு நத்தையின் மூலம் ஒரு புழு நோய் வருவதுண்டு. அதைத் தீர்க்க 1950-களிலிருந்து 1980-கள் வரை சர்க்காரே ஊர் ஊராய் ஊசி போட்டது. ஒருவருக்குப் போட்ட ஊசியைச் சரியாய்ச் சுத்தம் செய்யாமல் அடுத்தவருக்கும் போட்டார்கள். ஊசியோடு இந்தக் கிருமியும் போயிற்று. 2008-ல் சோதித்தபோது 15 முதல் 59 வயதுள்ளவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேரின் இரத்தத்தில் இக்கிருமி தீண்டிய அடையாளம் இருந்தது.

"பார்த்தீர்களா உங்கள் விஞ்ஞானத்தின் லட்சணத்தை!" என்று வைதீகர்கள் சிரிக்கலாம். தவறு நடந்தது உண்மை. அதை மறைக்கவேண்டிய அவசியம் நமக்கில்லை. ஆனால் அத்தவறைக் கண்டுபிடித்தது யார்? ஜோசியரா? மந்திரவாதியா? அதே வைத்திய சாஸ்திரமல்லவா? 2018 அக்டோபர் முதல் 2019 ஏப்ரல் வரை ஏழே மாதத்தில், நோயில்லை என்று நினைத்திருந்தவர்களையும் கூப்பிட்டு சுமார் 5 கோடிப் பேரைச் சோதித்தார்கள். சுமார் 22 லட்சம் பேரிடம் அடையாளம் தென்பட்டது. கிருமி இருந்தவர்களுக்கு இனாமாக மருந்து கொடுத்தார்கள். எந்தப் புராணமாவது தன் தப்பைத் தானே கணக்கெடுத்துத் திருத்திக்கொண்டதுண்டா?

இதற்குத் தடுப்பூசி கிடையாது. ஆனால் மாத்திரை உண்டு. பெரும்பாலும் 12 வாரம் சாப்பிட்டால் நூற்றுக்கு 95 பேருக்குமேல் குணமடைகிறார்கள். நம் தேசத்திலும் 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் சோதனையும் மருந்தும் இனாம். முன்காலத்தில் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களும், சுத்தமில்லாத ஊசியால் மருந்தோ பச்சையோ குத்திக்கொண்டவர்களும் போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள். முதல் சோதனையில் அடையாளம் கண்டால் பயப்படவேண்டாம். கிருமி இன்னும் இருக்கிறதா என்பதை இரண்டாம் சோதனை சொல்லும். காது குத்துகிறவரிடமும், மொட்டை அடிக்கிறவரிடமும் "புது ஊசியா? புது பிளேடா?" என்று கேளுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

இன்னொன்று. இந்நோய் தொட்டால் வராது. ஒரே பந்தியில் சாப்பிட்டால் வராது. ஆகவே நோயாளியை ஒதுக்கி வைத்து ஒரு புதுத் தீண்டாமையை உண்டாக்கிவிடாதீர்கள். பழைய தீண்டாமையை ஒழிக்கவே நாம் இவ்வளவு பாடுபடுகிறோம்.

தோழர்களே! நாம் சொன்னதற்காக எதையும் நம்பவேண்டாம். வலியில்லை என்பதற்காக நோயில்லை என்றும் நம்பவேண்டாம். சோதித்துப் பார்த்து, பிறகு நம்புங்கள்.